மேடையில் ஒன்று, மேசையில் ஒன்று

கேள்வி:

ஐயா, நான் ரொறன்ரோவில் எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கச் செயலாளர். பத்தொன்பது வயதில் ஊரை விட்டு வந்தேன், இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பாடசாலைக்கு ஒரு விஞ்ஞான ஆய்வுகூடம் கட்டிக் கொடுப்பதென்று சங்கம் முடிவெடுத்தது. அதற்கு மாகாணக் கல்வித் திணைக்களத்துடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். "அரசாங்கத்தோடு கையெழுத்தா?" என்று ஒரு பகுதி எழும்பியது. "மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுச் சுடரேற்றலை முதலில் நிறுத்துங்கள், பழசைக் கிளறினால் ஒரு வேலையும் நடக்காது" என்று இன்னொரு பகுதி எழும்பியது. சுடரும் ஏற்றுவோம், ஆய்வுகூடமும் கட்டுவோம் என்றேன் நான். இப்போது ஒரு பகுதிக்கு நான் அரசாங்கத்துக்கு வால் பிடிக்கிறவன், மற்றப் பகுதிக்கு உள்ளுக்குள் புலி. வாட்ஸ்அப் குழுவில் 'துரோகி' என்று எழுதுகிறார்கள். இத்தனைக்கும் சங்கத்தில் 240 குடும்பங்கள், சத்தம் போடுகிறவர்கள் பதினைந்து பேர்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மே மாதக் கூட்டத்தில் ஆய்வுகூடம் பற்றி நான் வாயே திறக்கவில்லை. கைதட்டல் வரும் மாதிரி உணர்ச்சியாகப் பேசிவிட்டேன். அடுத்த வாரம் நிர்வாகக் குழுவில், "மேடையில் சொன்னதைப் பெரிதாக எடுக்காதீர்கள், நாங்கள் கையெழுத்து வைப்போம்" என்றேன். அது வெளியே கசிந்துவிட்டது.

என் அப்பா தமிழரசுக் கட்சிக்காரர். கட்சியைத் தொடங்கிய செல்வநாயகத்தின் படம் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் தொங்கியது. எண்பதுகளின் நடுவில் ஒருநாள் அதைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோய் வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மிதவாதிகள் கடைசியில் தோற்றுத்தான் போகிறார்களா ஐயா? நான் விலகிவிடட்டுமா? "எல்லாத்தையும் விட்டிட்டு வெளியில வாங்கோ" என்கிறார் மனைவி.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம், "மேடையில் சொன்னதைப் பெரிதாக எடுக்காதீர்கள்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உங்களைத் திட்டியவர்களைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள், இதைப் பற்றி மூன்று நான்கு வரிதான். எனக்கென்னவோ விஷயம் அந்த மூன்று நான்கு வரிக்குள்தான் இருக்கிறது.

முப்பது வருடத்துக்கு மேல் அரசறிவியல் படிப்பித்தவன் நான். ஆனால் அந்த வசனத்தை நான் முதலில் கேட்டது வகுப்பறையில் இல்லை, 1977 தேர்தல் காலத்தில் யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றில். அந்த வருடம் தமிழரசுக் கட்சியும் சேர்ந்த தமிழர் விடுதலைக் கூட்டணி தமிழீழத்துக்கு மக்கள் ஆணை கேட்டு வாக்குச் சேகரித்தது. 1976 மே 14ஆம் திகதி நிறைவேற்றிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் அதற்கு அடித்தளம். கூட்டங்களில் இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தத் திலகம் வைப்பார்கள். நான் விரலைக் கீறவில்லை, பயம். கை சிவக்கத் தட்ட மட்டும் செய்தேன். கூட்டம் முடிந்து வரும் வழியில் எங்கள் ஊர்ச் சட்டத்தரணி ஒருவர், கூட்டணிக்கு நெருங்கியவர், என் தகப்பனாரிடம் சொன்னார்: "இதெல்லாம் தேர்தலுக்குத்தான். கொழும்போடு பேரம் பேச ஒரு பிடி வேணுமெல்லோ." தகப்பனார் தலையாட்டினார். சைக்கிளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற எனக்கு விளங்கவில்லை. மேடையில் சொன்னதை நான் நம்பியிருந்தேன். என்னைப் போல எத்தனையோ ஆயிரம் பேர் நம்பியிருந்தார்கள்.

கூட்டணி 18 இடங்களை வென்றது. சிறீலங்கா சுதந்திரக் கட்சி எட்டுக்குச் சுருங்கிவிட்டதால் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தனிநாடு கேட்டு வென்றவர் அதே நாட்டின் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். நான்கு வருடத்தில், 1981இல், கூட்டணி மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தலில் நின்றது. மேடையில் தமிழீழம், மேசையில் மாவட்ட சபை. அந்தச் சபைகளுக்கு அதிகாரமும் இல்லை, காசும் இல்லை. போதாததற்கு, தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். 'பெடியள்' என்று நாங்கள் செல்லமாகச் சொன்ன இயக்க இளைஞர்களுக்கு அதற்குப் பிறகு தலைவர்களின் வாயில் வந்த எதிலும் நம்பிக்கை இருக்கவில்லை. அதில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை.

இது ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு எங்கள் துறையில் பெரிய பெயர்களில் கோட்பாடுகள் உண்டு. நான் மாணவர்களுக்குக் கோயில் மாம்பழ ஏலத்தைத்தான் சொல்வேன். பழத்தின் கடை விலை பத்து ரூபாய். திருவிழா ஏலத்தில் அது ஆயிரத்தைத் தாண்டும். கேட்பவர்கள் பழத்துக்காகக் கேட்பதில்லை, ஊர் முன்னால் குறைந்தவராகத் தெரியக் கூடாது என்பதற்காகக் கேட்கிறார்கள். அந்தச் சபையில் ஒருவர் எழும்பி, "இந்தப் பழம் பத்து ரூபாய்தானே பெறும்" என்றால் என்ன நடக்கும்? அவர் சொன்னது சரிதான். ஆனால் பக்தி இல்லாதவர் என்று பெயர் வாங்குவார். ஓர் இனத்துக்குள்ளேயே இரண்டு கட்சிகள் ஒரே வாக்குக்குப் போட்டி போடும்போது நடப்பது இந்த ஏலம்தான். ஒருவர் நூறு என்றால் மற்றவர் இருநூறு. மிதவாதி ஏலத்தில் இறங்கினால் தான் கொடுக்க முடியாத விலையைக் கேட்க வேண்டும், இறங்காவிட்டால் சபையில் இடமில்லை.

எங்கள் ஏலம் 1977இல் தொடங்கவில்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த அரசாங்கம் அது. அதை எதிர்த்துக் காங்கிரஸிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பிரிந்ததற்கு நல்ல காரணம் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'இனத்தைக் காட்டிக் கொடுத்தவர்கள்' என்ற பேச்சு தமிழ் மேடையில் ஊறியது அந்தச் சண்டையில்தான். எழுபதுகளில் அதே பேச்சு யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா மீது திரும்பியது. அவர் சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்காரர், நகரத்து ஏழைகளிடம் செல்வாக்குள்ளவர். துரோகி, துரோகி என்று தமிழ்த் தலைவர்களின் மேடைகளில் அவரை ஏசினார்கள். 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் அவரைச் சுட்டார்கள். மேடையில் ஏசிய கனவான்கள் யாரும் துவக்கைத் தொட்டதில்லை. ஆனால் சொல் அவர்களுடையது. பதினான்கு வருடம் கழித்து அந்தச் சொல் அவர்களுடைய வீட்டுக் கதவையே தட்டியது. 1989 ஜூலை 13, கொழும்பு. பேசுவதற்கென்று நேரம் வாங்கி வந்த விடுதலைப் புலிகளின் ஆட்கள் அமிர்தலிங்கத்தையும் கூட்டணியின் யோகேஸ்வரனையும் சுட்டுக் கொன்றார்கள். கூட்டணியின் இன்னொரு தலைவர் சிவசிதம்பரம் காயத்தோடு தப்பினார். வந்தவர்களைச் சோதிக்க வேண்டாம் என்று காவலர்களிடம் சொன்னவரே யோகேஸ்வரன்தான். பேச வருகிறவர்களைத் தடவிப் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைக்கிற தலைமுறை அது.

உங்கள் அப்பா படத்தைக் கழற்றியது எப்போது என்று நீங்கள் திகதி சொல்லவில்லை. நான் ஊகிக்கிறேன். 1985 செப்டெம்பரில் மானிப்பாய்த் தொகுதியின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் தர்மலிங்கத்தையும் கோப்பாய் ஆலாலசுந்தரத்தையும் ஒரே இரவில் வீடுகளிலிருந்து கூட்டிக்கொண்டுபோய்க் கொன்றார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பல விறாந்தைகளில் சுவர் வெறுமையானது. அவர் கோழை என்று நினைத்து விடாதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தீர்கள்.

சரி, மேடைப் பேச்சில் முழுப் பழியையும் போட்டால் அது அநியாயம். மிதவாதியின் கடை ஓட வேண்டுமென்றால் அவர் எதையாவது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர் எதிர்த் தரப்பு மிதவாதி. எங்கள் கதையில் அந்தக் கை ஒவ்வொரு தடவையும் நீண்டு, நீண்ட வேகத்திலேயே சுருங்கியது.

பிரதமர் பண்டாரநாயக்கவை எடுங்கள். தனிச் சிங்களம், அதாவது சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி, என்று ஏலத்தில் உச்ச விலை கேட்டு 1956இல் பதவிக்கு வந்தவர். அந்தச் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் காடையர்கள் அடித்தார்கள். இளம் அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு பாராளுமன்றத்துக்குள் போனார். ஆனால் பதவியில் உட்கார்ந்த பிறகு பண்டாரநாயக்கவுக்கே பழத்தின் உண்மையான விலை தெரிந்தது. 1957 ஜூலை 26இல் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார்: பிராந்திய சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம். தனிநாடும் இல்லை, சமஷ்டியும் இல்லை. செல்வநாயகம் அறிவித்திருந்த சத்தியாக்கிரகத்தைக் கைவிட்டார். இரண்டு பக்கத்திலும் மிதவாதிகள் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்த நாள் அது. அக்டோபரில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்த்தன ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடந்தார். இம்புல்கொடையில் அவரை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள், ஆனால் ஏலம் தொடங்கிவிட்டது. 1958 ஏப்ரல் 9இல் பிக்குகள் கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் பிரதமரின் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் கிழிந்தது. அடுத்த மாதம் கலவரம். அதற்கடுத்த வருடம் ஒரு பிக்குவின் துப்பாக்கியால் பண்டாரநாயக்கவே போனார். சதி செய்ததாகத் தண்டனை பெற்ற களனி விகாரையின் பிக்கு, 1956இல் அவருக்காக ஓடி ஓடி வேலை செய்தவர்.

1965இல் மறுபடி. இம்முறை ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்க. மார்ச் 24இல் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம், மாவட்ட சபைகள். தமிழரசுக் கட்சி சார்பில் மு. திருச்செல்வம் அமைச்சராகவே போனார். எதிர்க்கட்சி ஊர்வலங்களில் டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்று கோஷம் போட்டார்கள். தமிழருக்கு விட்டுக்கொடுத்ததற்கு வடை! அந்த எதிர்க்கட்சி அணியில் ஒருகாலத்தில் இரு மொழிச் சமத்துவம் பேசிய இடதுசாரிகளும் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. 1968இல் சபை மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். திருச்செல்வம் பதவி விலகினார்.

அந்தத் திருச்செல்வத்தின் மகன்தான் நீலன். சட்ட அறிஞர். ஜனாதிபதி சந்திரிகா அரசாங்கத்தின் 1995 அதிகாரப் பரவலாக்கல் யோசனைகளுக்குப் பின்னாலிருந்த முக்கியமான மூளைகளில் ஒருவர். 1999 ஜூலை 29இல் தற்கொலைக் குண்டுதாரி ஒருவர் அவருடைய காரின் மேல் பாய்ந்தார். இடம், அதே ரோஸ்மீட் பிளேஸ் அருகே. அடுத்த வருடம் ஆகஸ்டில் அந்த யோசனைகளின் நீர்த்த வடிவம் பாராளுமன்றத்துக்கு வந்தது. ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் மசோதாவின் பிரதிகளைச் சபைக்குள்ளேயே கொளுத்தினார்கள். எழுதியவரைத் தமிழ்க் குண்டு கொன்றது, எழுத்தைச் சிங்களத் தீ எரித்தது. தீவிரவாதிகளுக்குள் பேச்சு வார்த்தையே கிடையாது என்று சொல்வார்கள். வேலைப் பங்கீட்டைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மிதவாதிகளைப் பாராளுமன்றத்திலிருந்து வெளியேற்றியது துவக்கு மட்டும் இல்லை, சட்டமும்தான். 1983 ஜூலைப் படுகொலை முடிந்த கையோடு, ஆகஸ்டில், ஆறாம் திருத்தம் வந்தது. பிரிவினையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்யாவிட்டால் ஆசனம் போய்விடும். கூட்டணி உறுப்பினர்கள் சத்தியம் செய்யவில்லை. தமிழர் தரப்பில் பேசுவதற்கென்று இருந்த ஆட்களை அரசாங்கமே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, துவக்கோடு நின்ற இளைஞர்களைப் பார்த்து "பேச ஆளில்லை" என்றது.

சிங்களப் பக்கத்தில் பலி இல்லையென்று நினைக்க வேண்டாம். நடிகரும் அரசியல்வாதியுமான விஜய குமாரதுங்க 1986இல் யாழ்ப்பாணம் வந்து இயக்கத்தினரோடு பேசினார், இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஆதரித்தார். 1988 பெப்ரவரியில் அவருடைய வீட்டு வாசலில் சிங்களத் தீவிர இடதுசாரிகளான ஜே.வி.பி.யின் ஆயுதக் குழு சுட்டது. மறுபடி எங்கள் பக்கம்: சிங்களத் தொலைக்காட்சியில் சிங்களத்திலேயே தமிழர் நியாயத்தைப் பேசக்கூடிய பாராளுமன்ற உறுப்பினர் ரவிராஜை 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பத்து வருடம் கழித்து நீதிமன்றம் விடுவித்தது. கேட்கிறவனின் மொழியில் பேசுகிற ஆளை யாருக்கும் பிடிப்பதில்லை.

இப்போது உங்கள் கேள்வி. எல்லா இடத்திலும் தோற்கிறார்களா?

வட அயர்லாந்தைப் பாருங்கள். நான் பெல்ஃபாஸ்டுக்கு ஒருமுறைதான் போயிருக்கிறேன். ஆனால் அந்த ஊர் அரசியலைப் பல வருடம் படிப்பித்ததால் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற கத்தோலிக்கர் பக்கமும் பிரித்தானியாவோடேயே இருக்க வேண்டும் என்ற புரட்டஸ்தாந்துப் பக்கமும் மோதியதில் முப்பது வருடத்தில் சுமார் 3,500 பேர் செத்தார்கள். கத்தோலிக்கர் பக்கத்து மிதவாதி டெரி நகரத்து ஜோன் ஹியூம். அரசியலுக்கு வருமுன் ஊரில் கடன் சங்கம் தொடங்கியவர், உங்களைப் போல. புரட்டஸ்தாந்துப் பக்கத்தில் டேவிட் டிரிம்பிள், ஆரம்பத்தில் கடும்போக்காளர், பிறகு மேசைக்கு வந்தவர். 1998 ஏப்ரல் 10இல், இரண்டு பக்கமும் ஆட்சியைப் பகிர்ந்துகொள்ளும் பெரிய வெள்ளி ஒப்பந்தம். மக்கள் வாக்கெடுப்பில் 71 சதவீதம் ஆதரவு. இருவருக்கும் அந்த வருட நோபல் சமாதானப் பரிசு. அந்த வருடச் சட்டசபைத் தேர்தலில் ஹியூமின் கட்சிக்கு முதல் விருப்பு வாக்குகள் எல்லாரையும் விடக் கூட.

பிறகு என்ன? 2003 தேர்தலில் இரண்டு மிதவாதக் கட்சிகளையும் இரண்டு கடுங்கட்சிகள் தாண்டின. புரட்டஸ்தாந்துப் பக்கம் இயன் பெய்ஸ்லியின் கட்சி, கத்தோலிக்கர் பக்கம் ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுத இயக்கத்தின் அரசியல் முகமான சின் ஃபெயின். 2005இல் டிரிம்பிள் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். உலை வைத்தவர் ஒருவர், உண்டவர் இன்னொருவர்.

ஆனால் உண்டவர்கள் எதை உண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நாற்பது வருடமாக 'முடியாது' என்பதையே தொழிலாக வைத்திருந்த பெய்ஸ்லி, 2007 மே 8இல், முன்னாள் ஐ.ஆர்.ஏ. தளபதி மார்ட்டின் மெக்கின்னஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலமைச்சரானார். இருவரும் சிரித்துக்கொண்டு நிற்கிற படங்கள் அவ்வளவு பிரபலம். அவர்கள் நடத்தியது ஹியூமும் டிரிம்பிளும் போட்ட அதே ஒப்பந்தத்தை, சில திருத்தங்களோடு. கட்சிகள் தோற்றன, அந்தக் கட்சிகளின் நிலைப்பாடு வென்றது. சமாதானம் வந்த பிறகு வாக்காளர் நினைத்தது இதுதான்: பங்கு பிரிக்கும் மேசைக்கு எங்கள் பக்கத்துச் சண்டைக்காரனை அனுப்பினால் கூட வாங்கி வருவான். அங்கும் ஏலம் நின்றுவிடவில்லை. ஆனால் ஏலப் பொருள் துவக்கிலிருந்து அமைச்சுப் பதவிக்கு மாறிவிட்டது.

ஏன் அங்கே முடிந்தது? பல காரணம், புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிவது இரண்டு. லண்டனும் டப்ளினும் கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுத்தன: கைதிகள் வெளியே வந்தார்கள், 2001இல் பொலிஸ் படையே பெயரும் உருவமும் மாறியது, பதிலுக்கு 2005இல் ஐ.ஆர்.ஏ. தன் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்து முடித்தது. இரண்டாவது, ஹியூம். ஐ.ஆர்.ஏ. குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் சின் ஃபெயின் தலைவர் ஜெரி ஆடம்ஸோடு பேசினார். தன் கட்சிக்காரர்களே ஏசினார்கள், பத்திரிகைகள் கிழித்தன. ஆனால் குண்டு வைப்பது பிழை என்று மேடையில் சொன்னதையே ஆடம்ஸின் முகத்துக்கு நேரேயும் சொன்னார். ஆடம்ஸோடு பேசுவது சரி என்று அவர்களுக்குள் சொன்னதையே மேடையிலும் சொன்னார். இரண்டு இடத்திலும் ஒரே ஆள். அதனால் அவர் கட்சிக்கு வாக்குக் குறைந்தது. அவரைப் பொய்யர் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

இனி உங்கள் சங்கம்.

உங்களுக்கு இருக்கிற வசதி அமிர்தலிங்கத்துக்கு இருக்கவில்லை. உங்களை யாரும் சுடப் போவதில்லை, வாட்ஸ்அப்பில்தான் சுடுவார்கள். அதனால் முதல் வேலையாக ஒரு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். குழுவில் போடாதீர்கள், 240 வீட்டுக்கும் அனுப்புங்கள். மே மாதக் கூட்டத்தில் நான் ஆய்வுகூடம் பற்றிப் பேசாமல் விட்டது பிழை, நிர்வாகக் குழுவில் அப்படிச் சொன்னது அதைவிடப் பிழை என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். வலிக்கும். ஆனால் அவர்கள் கையில் இருக்கிற ஒரே உண்மையான கல் அதுதான், அதை நீங்களே கீழே வைத்துவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் வசவு. 'உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டேன்' என்று எழுதாதீர்கள். உணர்ச்சியில் பிழையில்லை, செத்தவர்கள் எங்கள் ஆட்கள். மறைத்ததுதான் பிழை.

அதே கடிதத்தில் எதைச் செய்வோம், எதைச் செய்ய மாட்டோம் என்று எழுதுங்கள். சுடரேற்றலில் பேரம் இல்லை. எந்த அதிகாரி முகம் சுளித்தாலும் மே 18 அன்று சுடர் எரியும், முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுப்போம். இந்த இடத்தில் இரண்டு பகுதிக்கும் நடுவில் ஒரு கோடு கீறி அங்கே போய் நிற்க முயல வேண்டாம். மிதவாதம் என்றால் எல்லாவற்றிலும் பாதி என்று நினைத்துத்தான் பலர் கெட்டுப் போனார்கள். துக்கத்தைப் பாதியாக அனுட்டிக்க முடியாது. ஆய்வுகூடத்தில் மட்டும் பேரம் உண்டு. திறப்பு விழாவில் அரசியல்வாதிக்கு மாலை இல்லை, பெயர்க்கல்லில் பாடசாலையின் பெயரும் பழைய மாணவர் பெயரும் மட்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேளுங்கள். திணைக்களம் ஒப்புக்கொண்டால் அதைக் கொண்டுபோய்க் காட்டலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் அதையும் காட்டுங்கள்.

"அரசாங்கத்தோடு கையெழுத்தா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மாகாண சபை என்பது 1987க்கு முன் இலங்கையில் கிடையாது. கண்டிக்கு நடந்த அதே ஜே. ஆர்., முப்பது வருடம் கழித்து, இந்தியாவின் நெருக்குதலில், பதின்மூன்றாம் திருத்தமாகக் கொண்டுவந்தது. 1957இல் ஒரு கையெழுத்தோடு முடிந்திருக்கக்கூடிய விஷயத்துக்கு அவ்வளவு இரத்தம் போனது. காணி, பொலிஸ் அதிகாரம் இன்றுவரை கைக்கு வரவில்லை. வட மாகாண சபைக்கு முதல் தேர்தலே 2013இல்தான், 2018இல் அதன் காலம் முடிந்தது, நான் இதை எழுதும் வரை அடுத்த தேர்தல் இல்லை, ஆளுநர்தான் நடத்துகிறார். ஆகவே எதிர்ப்பவர்களின் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். வெறுங்கை கண்டு கண்டு வந்த சந்தேகம் அது. ஆனால் அந்தத் திணைக்களம் எங்கள் பிள்ளைகளின் பாடசாலையை நடத்துகிற திணைக்களமும்தான்.

அதனால் முழுக் கட்டடத்துக்கும் ஒரேயடியாகக் காசு அனுப்ப வேண்டாம். முதலில் இரசாயனப் பொருட்கள் வைக்கும் அலுமாரி, மேசைகள், தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, வெற்றிடமாக இருக்கிற விஞ்ஞான ஆசிரியர் பதவி இருந்தால் எந்தத் திகதிக்குள் நிரப்புவார்கள் என்று அதிபர் மூலம் வலயக் கல்வி அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். திகதி வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். 'விரைவில்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு மூன்று தலைமுறை அரசியல் செய்து பார்த்துவிட்டோம். மேசை போய்ச் சேர்ந்த படத்தையும் கணக்கையும் எல்லா வீட்டுக்கும் அனுப்புங்கள். பேசாமல் இருக்கிற 225 குடும்பங்களுக்குக் கொள்கை விளக்கம் தேவையில்லை, பிள்ளை மேசையடியில் நிற்கிற படம் போதும்.

அப்புறம், அவர்களை நீங்கள் என்ன சொல்லி அழைக்கிறீர்கள் என்பது. கடிதத்தில் ஓரிடத்தில் எதிர்ப்பவர்களைப் 'பைத்தியங்கள்' என்று எழுதி வெட்டியிருக்கிறீர்கள். வெட்டினது நல்லது, ஆனால் எழுத்து தெரிகிறது. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் துரோகி, பைத்தியம், அரசாங்கத்தின் ஆள், புலி என்ற எந்தச் சொல்லையும் உங்கள் வாயால் யார் மேலும் போடாதீர்கள். கொழுத்திப் போடுவது சுலபம், அது எந்தப் பக்கம் பற்றும் என்று காற்றுத்தான் முடிவு செய்யும். பொன்னாலைக் கோயிலடியிலிருந்து கொழும்பு வரை அது எப்படி வந்தது என்று மேலே சொல்லிவிட்டேன்.

வாக்கெடுப்பை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வையுங்கள். கை உயர்த்தச் சொல்ல வேண்டாம். கை உயர்த்தும் வாக்கெடுப்பும் ஏலம் மாதிரித்தான், பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான் என்று கை தானாக ஏறும். துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும். சுடருக்கு ஒரு சீட்டு, ஆய்வுகூடத்துக்கு ஒரு சீட்டு. சேர்த்து ஒரே கேள்வியாக்கினால் எரிச்சலில் இரண்டையும் தோற்கடிப்பார்கள். பெட்டியை எண்ணுவதற்கு உங்களை அதிகம் ஏசுகிற ஆளையே நியமியுங்கள். நீங்கள் தோற்கக் கூடும். தோற்றால் அவர்கள் கேட்டபடி சங்கம் நடக்கட்டும், நீங்கள் அடுத்த வருடம் அதே கடிதத்தோடு மறுபடி நில்லுங்கள். அதற்கு முன்பே விலகினால், பதினைந்து பேர் ஏசி ஒருவரை விரட்டினார்கள் என்பதுதான் மிஞ்சும். அடுத்த செயலாளர் அதைப் பார்த்துத்தான் பேசக் கற்றுக்கொள்வார்.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த வாட்ஸ்அப் குழுவை விட்டு இன்றைக்கே வெளியேறுங்கள். "செயலாளருக்குச் சொல்ல வேண்டியதைத் தொலைபேசியில் சொல்லுங்கள், வீட்டுக்கு வாருங்கள், தேத்தண்ணி தருகிறேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போங்கள். குழுவில் துரோகி என்று எழுதியவர்களில் இரண்டு மூன்று பேராவது வருவார்கள் என்று நினைக்கிறேன். அப்பாவின் படம் இன்னும் இருந்தால், அவர்கள் உட்காரும் அறையில் மாட்டி வையுங்கள்.